திட்டுவதற்கு ஒரு சொல்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை மாடியில் ஜெயசித்ரா ஆங்கில வகுப்பு நடத்திவந்தாள். மில் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் பையன்கள், நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போகக் காத்திருக்கும் பெண்கள், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு ஈடுகொடுக்க முடியாத அம்மாக்கள் என்று சாயங்காலமானால் மாடி நிறைந்துவிடும். பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஊரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனாலும் ஒன்றுபோலத் தோன்றும் வினைச்சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் ஜெயசித்ராவை மிஞ்ச ஆள் இல்லை என்று பேராகியிருந்தது.

அவள் இலக்கணப் புத்தகத்தைத் தொடவே மாட்டாள். ஜன்னலைத் திறந்து மேற்கே மலையைக் காட்டுவாள். கண்ணில் தானாக மலை பட்டால் அது 'சீ'. மலைமேல் மேகம் ஏறியிருக்கிறதா என்று கழுத்தைத் திருப்பினால் 'லுக்'. அந்த மேகம் அய்யனார் கோவில் பக்கம் இறங்கி மழையாகிறவரை நின்று பார்த்தால் 'வாட்ச்'. பக்கத்துவீட்டுக்குக் குடையைக் கொடுத்தால் 'லெண்ட்', அங்கிருந்து வாங்கிவந்தால் 'பாரோ'. ஒருமுறை கேட்டவர்களுக்கு அப்புறம் தடுமாற்றம் வராது.

அந்தத் திறமை அவளுக்கு ஒரு அவமானத்திலிருந்து வந்தது. செட்டியார்பட்டியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, பிடிவாதமாகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவள் அவள். முதல் மாதமே வகுப்பில் எழுந்து நின்று, இந்தச் செய்யுளை எனக்கு இன்னொருமுறை கற்றுக்கொடுங்கள் என்று கேட்க நினைத்து, 'டீச்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'லேர்ன்' என்று சொன்னாள். வகுப்பே சிரித்தது. விரிவுரையாளரும் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். 'லேர்ன் மீ' என்ற பட்டப்பெயர் கல்லூரி முடிகிறவரை அவளை விடவில்லை. அன்றைக்குப் பிறகு, எந்த இரண்டு சொற்களில் கால் இடறும் என்று தேடித் தேடிப் படித்தாள். மோட்டார் காயில் கட்டும் தங்கச்சாமியைக் கல்யாணம் செய்து ராஜபாளையத்துக்கு வந்த பின்பு அந்தப் படிப்பே அவளுக்குப் பிழைப்பாயிற்று. இனி ஆங்கிலத்தில் தன்னைப் பார்த்து எவரும் சிரிக்க முடியாது என்ற எண்ணம் அவளுக்குள் நன்றாக வேர் பிடித்திருந்தது.

போன தை மாதத்தில் ஒருநாள் கௌதம்ராஜ் போன் செய்தார். ஊருக்கு வெளியே அவருடைய சர்ஜிகல் கம்பெனி இருந்தது. பேண்டேஜ் துணியை ரோல் போட்டு, வெட்டி, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். சரக்கு வாங்குகிற நெதர்லாந்துக் கம்பெனி, தொழிலாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவர ஹன்னா என்ற பெண்ணை அனுப்பியிருந்தது. தொழிலாளிகளிடம் அவள் தனியாகப் பேச வேண்டும், கம்பெனி ஆட்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. சென்னையிலிருந்து கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். வெளியாளாக, நல்ல ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் உடனே வேண்டும். நீங்கள்தான் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் மேடம் என்றார்.

ஜெயசித்ரா இருக்கிறதிலேயே நல்ல காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். வெள்ளைக்காரி ஒருத்தியிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து அவள் ஆங்கிலம் பேசுவது அதுதான் முதல்முறை. ஹன்னா நிதானமானவள், கேட்டதை எல்லாம் உடனுக்குடன் மடிக்கணினியில் தட்டிக்கொண்டாள். ஜெயசித்ரா பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், உங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது என்றாள். அந்தப் பாராட்டில் ஜெயசித்ராவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்தார்கள். சம்பளம், லீவு, கழிப்பறை என்று கேள்விகள் போயின. கட்டிங் மெஷினில் நிற்கும் செல்லக்கனி என்ற பெண் வந்தாள். சூப்பர்வைசர் எப்படி என்று ஹன்னா கேட்டாள். செல்லக்கனி சிரித்துக்கொண்டே, "பாண்டீஸ்வரியக்கா திட்டுவாக. துப்பட்டா தொங்குனா திட்டு, தலைமுடி பறந்தா திட்டு. பொறவு அவியளே டீ வாங்கித் தருவாக" என்றாள்.

திட்டுவதற்கு 'ஸ்கோல்ட்' என்ற சொல் ஜெயசித்ராவுக்குத் தெரியாதது இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்துச் சொல்லாக, சின்னப்பிள்ளைச் சொல்லாக அந்த நேரத்தில் பட்டது. ஆங்கிலப் பேப்பரில் போலீஸ் செய்தி படிக்கும்போதெல்லாம் ஆபாசமாகத் திட்டினான் என்பதற்கு 'அப்யூஸ்' என்றுதான் போட்டிருப்பார்கள். அது கனமாக, படித்தவர்கள் புழங்கும் சொல்லாக இருந்தது. சூப்பர்வைசர் எங்களை அப்யூஸ் பண்ணுவார், பிறகு டீ வாங்கித் தருவார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹன்னாவின் விரல்கள் நின்றன. தினமுமா என்று கேட்டாள். ஜெயசித்ரா அதைத் தமிழில் கேட்டாள். செல்லக்கனி, திட்டாத நாளே கிடையாது என்றாள். கை நீட்டுவாரா என்று ஹன்னா கேட்டாள். இல்லை, வாயோடு சரி என்றாள். அடுத்து வந்த பெண்களிடம் ஹன்னா நேராகவே, அந்த சூப்பர்வைசர் உங்களையும் அப்யூஸ் செய்வாரா என்று கேட்டாள். ஜெயசித்ரா அதை, உங்களையும் திட்டுவாங்களா என்று தமிழில் கேட்டாள். ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். ஹன்னா அந்தச் சிரிப்பைக் கவலையோடு பார்த்தாள். பயத்தில் சிரிக்கிறாள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். போகும்போது ஜெயசித்ராவின் கையைப் பிடித்து, அந்தப் பெண்கள் இவ்வளவு மனம்விட்டுப் பேசியதற்கு நீங்கள்தான் காரணம் என்றாள். ஜெயசித்ரா அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து, வெள்ளைக்காரம்மா சொன்னதைத் தங்கச்சாமியிடம் இரண்டுமுறை சொன்னாள்.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வகுப்பு முடிகிற நேரம். கௌதம்ராஜின் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் சோலைராஜ் கையைத் தூக்கினான். ஹன்னா வந்த அன்று லோடோடு தூத்துக்குடி போயிருந்தவன் அவன், மொழிபெயர்த்தது யார் என்று அவனுக்குத் தெரியாது.

"ஒரு டவுட்டு மேடம். ஸ்கோல்டுக்கும் அப்யூஸுக்கும் என்ன வித்தியாசம்?"

அவளுக்குப் பிடித்த வகைக் கேள்வி. சாக்பீஸை எடுத்துக்கொண்டு உற்சாகமாகப் போர்டுக்குத் திரும்பினாள். ஸ்கோல்ட் என்றால், தப்புச் செய்த பிள்ளையை அம்மா சத்தம் போடுவது. அதில் கோபம் இருக்கும், உரிமையும் இருக்கும். அப்யூஸ் என்றால் ஒருவரைக் கேவலப்படுத்துவது, கொடுமைப்படுத்துவது, உடம்பையோ மனதையோ... சொல்லிக்கொண்டு வரும்போதே சாக்பீஸ் நின்றது. எழுதிய சொல்லை அவளே ஒருமுறை பார்த்தாள். எதற்குக் கேட்கிறாய் என்றாள், திரும்பாமலே.

"எங்க கம்பெனி பாண்டீஸ்வரியக்காவ வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு மேடம். பிள்ளைகள அப்யூஸ் பண்ணுதாகன்னு ரிப்போர்ட்டு. அவியள நிப்பாட்டுனாத்தான் ஆர்டர் தருவோம்னு மெயில் வந்துச்சு. அவியளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அம்புட்டுதான். அந்த வெள்ளைக்காரம்மா தப்பாப் புரிஞ்சு எழுதிட்டா போல."

வகுப்பு முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருக்கும்" என்றாள் ஜெயசித்ரா. "நம்ம ஆளுங்க பழகுற விதம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒரு நர்சிங் பெண் வெள்ளைக்காரர்களைப் பற்றி ஏதோ கேலி பேசினாள், சிரித்தார்கள். ஜெயசித்ராவும் சிரித்தாள். ஆட்கள் இறங்கிப் போன பின்பு போர்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தை மறுபடியும் மறுபடியும் துடைத்தாள். தப்பான சொல்லை எடுத்தது ஒரு நொடிப் புத்தி. இப்போது சொன்னதோ யோசித்துச் சொன்ன பொய். பழியைத் தூக்கி அந்நியப் பெண் மேல் வைத்தாயிற்று, அதுவும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு. அந்த நினைப்பில் அவளுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. தங்கச்சாமி என்னவென்று கேட்டு, முழுவதையும் கேட்டுக்கொண்டார். "நீ என்ன வேணும்னா செஞ்ச? வாய் தவறுறது எல்லாருக்கும் உள்ளதுதான" என்றார். வாய் தவறவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பெரிய மனுஷியாகத் தெரிய வேண்டும் என்றே அந்தச் சொல்லை எடுத்தாள். அதைக் கணவரிடம்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் கௌதம்ராஜைப் போய்ப் பார்த்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். யாரிடமோ போனில் தெலுங்கில் பேசி முடித்துவிட்டு, அவள் சொன்னதைக் கேட்டார். கோபப்படவில்லை. பாண்டீஸ்வரியின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த அம்மாள் போனது எனக்கும் நஷ்டம்தான் என்றார். ஆனால் இப்போது போய் மொழிபெயர்ப்பு தப்பு என்று எழுதினால், கம்பெனி மிரட்டித்தான் எழுதவைத்தது என்று நினைப்பார்கள், ஆர்டரே போய்விடும், அத்தனை பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்றார். "விட்டுருங்க மேடம். கொஞ்ச நாள் போனா நானே அவியளுக்கு எங்கயாச்சும் ஏற்பாடு பண்ணுதேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாயை மூடிக்கொள்ள நல்லதொரு காரணமும் கிடைத்தது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் கழித்தாள். வகுப்புக்குப் போய் வந்தாள். சோலைராஜ் கை தூக்கினால் போர்டுப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கடைசியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து ஹன்னாவுக்கு எழுதினாள். எத்தனையோ பேருக்கு வேலை விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவளுக்கு அந்தச் சின்ன மெயில் எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பெண்கள் சொன்ன சொல் வேறு, நான் சொன்ன சொல் வேறு, தவறு முழுக்க என்னுடையது என்று எழுதினாள்.

பதில் மரியாதையாக வந்தது. நீங்கள் எழுதியதை நம்புகிறேன். ஆனால் கம்பெனி அழைத்துவந்த ஒருவர் பின்னால் மாற்றிச் சொல்வதை வைத்து மட்டும் அறிக்கையைத் திருத்த எங்கள் விதி இடம் தராது. அடுத்த முறை வேறு மொழிபெயர்ப்பாளரோடு வந்து மறுபடியும் விசாரிக்கிறேன். இவ்வளவுதான். கடிந்து ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று ஜெயசித்ராவுக்குத் தோன்றியது.

பாண்டீஸ்வரியின் ஊர் வன்னியம்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனாள் ஜெயசித்ரா. வழி கேட்ட பெட்டிக்கடையில் இரண்டு பேர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எந்தப் பாண்டீஸ்வரி, கம்பெனியில் பொம்பளைப் பிள்ளைகளிடம் ஏதோ செய்துவிட்டு வந்தவளா என்று ஒருவன் கேட்டான். அப்யூஸ் என்ற சொல் கம்பெனியிலிருந்து ஊருக்கு வந்து சேர்வதற்குள், டிவி செய்தியில் அதற்கு என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டிருந்தது.

பாண்டீஸ்வரி வெண்டைக்காய் பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அரிப்புக்குக் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, பெரிய உடம்பு. கட்டிங் ஹாலில் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும் என்று சொல்லப்பட்ட குரலில் பாதிகூட இப்போது இல்லை. யார் என்று கேட்டாள். கம்பெனிக்கு மொழிபெயர்க்க வந்த டீச்சர் என்றதும், "உள்ள வாங்க. வாசல்ல நின்னு பேச வேண்டாம்" என்று உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஜெயசித்ரா நடந்ததைச் சொன்னாள்.

"நீங்க சொன்ன சொல்லுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி, எல்லாம் முடிந்த பின்பு.

ஜெயசித்ரா தயங்கினாள்.

"சொல்லுங்க. எனக்குத் தெரியணும்லா."

மாடியில் எத்தனையோ பேருக்கு விளக்கிய வாயால் அன்று அந்த ஒரு சொல்லை விளக்கினாள். கேவலப்படுத்துவது. கொடுமைப்படுத்துவது. பிறகு, குரல் இறங்கி, தப்பான முறையில் தொடுவதையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள் என்றாள்.

பாண்டீஸ்வரி எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"அதான் எம்மகன் திருப்பூர்ல இருந்து போன் போட்டு, என்னம்மா செஞ்சன்னு கேட்டான். அவன் ஏன் அழுதான்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். பிறகு, "செல்லக்கனி வீடு தேடி வந்தா. அக்கா நான் அப்படிச் சொல்லலக்கான்னு கதவத் தட்டுனா. நான் திறக்கல. இனிமே உம்மூஞ்சில முழிக்க மாட்டேன்னு உள்ள இருந்தே சொல்லிட்டேன். மெஷின்ல கை போயிராம அவள நான் பாத்த பார்வை எம்புட்டு. அவளே காட்டிக் கொடுத்துட்டான்னு நினச்சிட்டேன்" என்றாள்.

ஜெயசித்ராவுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் வெட்கமாக இருந்தது. "என்னை எது வேணும்னாலும் சொல்லுங்கக்கா. நல்லாத் திட்டுங்க" என்றாள்.

"உங்கள நான் எதுக்குத் திட்டணும்?" என்றாள் பாண்டீஸ்வரி. "நீங்க எனக்கு யாரு?"

அந்த வார்த்தைக்குப் பிறகு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தவளைப் பாண்டீஸ்வரி நிறுத்தினாள். எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா ஆகாது, ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழு கூடும், அங்கே வந்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றாள். வருகிறேன் என்றாள் ஜெயசித்ரா.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுத் தலைவி இசக்கியம்மாள் அவளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவள் நின்றுகொண்டே பேசினாள். திட்டுவதற்கு ஒரு சொல் இருக்கிறது, கொடுமைக்கு ஒரு சொல் இருக்கிறது, நான் இதற்கு அதைச் சொல்லிவிட்டேன், இந்த அக்கா மேல் ஒரு தப்பும் கிடையாது, செல்லக்கனி மேலும் கிடையாது என்றாள். தெரியாமல் சொன்னீர்களா என்று இசக்கியம்மாள் கேட்டாள். வித்தியாசம் தெரியும், அந்த வெள்ளைக்காரம்மா முன்னால் பெரிதாகப் பேச ஆசைப்பட்டேன் என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். பின்னால் இருந்து ஒருத்தி, "இங்கிலீஷ் டீச்சருக்கே இந்த லெச்சணமா" என்றாள். சிரிப்பு எழுந்தது. பல வருஷம் முன்பு கேட்ட சிரிப்புதான். இந்தமுறை அவள் தலையைக் குனியவில்லை. குனியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாண்டீஸ்வரி ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

யாரோ அதைப் போனில் வீடியோ எடுத்திருந்தார்கள். அவள் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனபோது அது அவளுக்கு முன்பே மாடி ஏறியிருந்தது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. பாடம் தொடங்குமுன், வெள்ளைக்காரம்மா மேல் பழி போட்டது பொய் என்று சோலைராஜைப் பார்த்துச் சொன்னாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாதக் கடைசியில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். தன் மகளை இனி அனுப்பவில்லை என்று ஒரு அம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். சோலைராஜும் கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு வந்தான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான், எதையும் கேட்பதை விட்டுவிட்டான். இருந்தவர்களுக்கு அவள் பாடம் நடத்தினாள். முன்பு சட்டென்று வரும் சொற்கள் இப்போது ஒரு கணம் தயங்கித்தான் வந்தன. வேறொரு கம்பெனியிலிருந்து மொழிபெயர்க்கக் கூப்பிட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டாள்.

ஆவணியில் ஹன்னா திரும்பவும் வந்தாள். கூட வந்தது சென்னை மொழிபெயர்ப்பாளர். விசாரணை நடந்தது, ஜெயசித்ராவை யாரும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் அறிக்கையிலிருந்து அந்தக் குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள் என்று சோலைராஜ்தான், மாடிப்படியில் இறங்கும்போது, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

சில நாள் கழித்து ஒரு காலையில், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"பாண்டீஸ்வரி பேசுதேன். முதலாளி கூப்பிட்டாக. இன்னைக்கு வேலைக்குப் போறேன்."

ஜெயசித்ரா, சந்தோஷம் அக்கா என்றாள்.

"போற வழியில செல்லக்கனி வீட்ல இறங்கிட்டு அவளையும் கூட்டிட்டுப் போறேன். நேத்தே போயிருந்தேன். அவ கதவத் திறந்தா" என்றாள் பாண்டீஸ்வரி. பிறகு, "உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. வச்சிருதேன்" என்றாள்.

மன்னித்துவிட்டாளா என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று ஜெயசித்ரா போனைக் கீழே வைத்தாள். அடுக்களையில் பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. கரித்துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.